பிரித்து ஒட்டிய கடிதங்கள்: போர்க்காலத் தணிக்கை பற்றி மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுமாரியின் அடித்தட்டிலோ பழைய சூட்கேசிலோ ஒரு கடிதக்கட்டு இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு ஆவணங்களை ஒழுங்குபடுத்திக் கோப்பாக்க நான் உதவுவதால், அந்தக் கட்டுகளை என்னிடம் கொண்டுவருகிறார்கள். கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். கடிதத்தைப் பற்றித் தொடங்கும் கேள்வி சட்டம், பத்திரிகை, இயக்கம், இன்றைய முகநூல் என்று விரிந்துவிடும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அப்பப்பாவுக்கு 1943இல் வந்த கடித உறை. இடது ஓரம் வெட்டப்பட்டு, மேலே காகிதப் பட்டி ஒட்டியிருக்கிறது. யாரோ திருட்டுத்தனமாகப் பிரித்தார்களா?

திருட்டுத்தனமாக அல்ல. அரசு வெளிப்படையாகவே பிரித்தது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் பேரரசு முழுவதும் இதுதான் நடைமுறை. உறையின் ஒரு பக்கத்தைக் கத்தியால் சீராக வெட்டுவார்கள், உள்ளே இருப்பதை வாசிப்பார்கள், வெட்டிய இடத்தை அச்சிட்ட பட்டியால் மூடி ஒட்டுவார்கள். தணிக்கையாளர் பிரித்தார் என்ற வாசகம் பட்டியிலேயே இருக்கும். பக்கத்தில் ஒரு எண் இருந்தால் அது வாசித்த ஆளின் எண். சில உறைகளில் பட்டியோடு வட்ட முத்திரையோ முக்கோண முத்திரையோ சேர்ந்திருக்கும்.

உள்ளே கடிதத்தில் ஒரு வரி கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருக்கிறதா, ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கப்பல், படைப்பிரிவு, ஊர், நாள் ஆகியவைதான் அதிகம் அழிக்கப்பட்டன. அந்தப் பட்டியை உரிக்க வேண்டாம். உறைக்கு வரலாற்றுப் பெறுமதி தருவது அதுதான்.

மட்டக்களப்புக்கு வரும் கடிதத்தில் ஒளிக்க அப்படி என்ன இருந்தது?

இருந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கின. அதே 9ஆம் திகதி ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் குண்டுபோட்டு மூழ்கடித்தார்கள். துணைக்குச் சென்ற வம்பயர் என்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பலும் மூழ்கியது. ஹேர்மிஸோடு முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தப்பியவர்களில் பெரும்பாலானோரை வீற்றா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிச் சென்றது. ஹேர்மிஸ் இன்றும் எங்கள் கடலடியில்தான் கிடக்கிறது.

இப்படி ஒரு கரையில் இருந்து மீனவரோ ஆசிரியரோ தன் சொந்தக்காரருக்குக் “கடலில் புகை கண்டோம்” என்று எழுதினால் அது எதிரிக்குத் தகவல் என்பது அரசின் கணக்கு. அந்தக் கணக்கில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே அதிகாரம் கப்பலோடு நிற்கவில்லை. போரை எதிர்த்த சமசமாஜக் கட்சித் தலைவர்கள் 1940இலேயே தடுப்புக்காவலில் போடப்பட்டார்கள். 1942 மே மாதம் கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் கிளர்ந்தெழுந்து, அதில் மூவர் தூக்கிலிடப்பட்டது போர் நடந்த காலத்தில் வெளியே வராமல் அடக்கப்பட்டது. எதிரிக்குத் தெரியக்கூடாதது எது, சொந்த மக்களுக்குத் தெரியக்கூடாதது எது என்ற கோடு அப்போதே அழிந்துவிட்டது.

அதற்கு முந்திய காலத்திலும் தணிக்கை இருந்ததா?

முதல் உலகப் போரில் இருந்தது. 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது இராணுவச் சட்டம் ஜூன் தொடக்கம் ஆகஸ்ட் இறுதிவரை நடைமுறையில் இருந்தது. விசாரணை என்ற பெயரில் நடந்த சுடுதல்களையும் தண்டனைகளையும் தபால் மூலம் லண்டனுக்குத் தெரிவிக்க வழியில்லை. கண்டவுடன் சுடலாம் என்ற இரகசிய உத்தரவின் பிரதியைச் சட்டத்தரணி ஈ. டபிள்யூ. பெரேரா தன் சப்பாத்தின் அடித்தோலுக்குள் மறைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார் என்பது இலங்கைப் பள்ளிக்கூடங்களில் சொல்லித்தரும் கதை. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் அதே போர்க்காலக் கடலைக் கடந்து போய் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடினார். தமிழ்த் தலைவர் ஒருவர் சிங்களவருக்காகப் பேசப் போனார் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு நான் விடாமல் சொல்லுவேன்.

“தமிழரசு அஞ்சல்” என்று ஒரு முத்திரை பற்றிக் கேள்விப்பட்டேன். அது என்ன?

போர்க்காலத்துக்கு உரியது அல்ல, ஆனாலும் இங்கே சேர்க்கத்தான் வேண்டும். 1961 சத்தியாக்கிரகத்தில் தமிழரசுக் கட்சி கச்சேரிகளை, அதாவது மாவட்ட அரச செயலகங்களை, மறித்தது, மட்டக்களப்புக் கச்சேரி உட்பட. ஏப்ரல் 14ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் கட்சித் தலைவர் செல்வநாயகம் சொந்தமாகத் தபால் சேவை ஒன்றைத் தொடக்கி வைத்தார், முத்திரையும் வெளியிட்டார்கள். சில நாட்களிலேயே அவசரகாலநிலை பிரகடனம், தலைவர்கள் கைது, பனாகொடை முகாம். ஒரு கடிதத்தின் மேல் ஒட்டும் சின்னத் தாளுக்கு அரசு எவ்வளவு அஞ்சும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அந்த முத்திரையோ தபாலட்டையோ வீட்டில் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

இலங்கையில் எந்தச் சட்டம் இதற்கெல்லாம் இடம் கொடுத்தது?

முதன்மையானது 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அவசரகாலநிலை பிரகடனம் செய்தால் சாதாரண சட்டத்துக்கு மேலாக ஒழுங்குவிதிகளை ஆக்கலாம். 1983 முதல் 2011 ஆகஸ்ட் வரை, இடையிடையே சில இடைவெளிகளைத் தவிர, நாங்கள் வாழ்ந்தது அந்த ஒழுங்குவிதிகளின் கீழ்தான். பாராளுமன்றம் மாதாமாதம் கையை உயர்த்தி நீடித்துக்கொண்டே போனது. வெளியீட்டையும், நாட்டுக்கு வெளியே செய்தி அனுப்புவதையும் தடுக்கும் அதிகாரம் ஒரு “தகுதிவாய்ந்த அதிகாரி”யிடம் போனது.

இரண்டாவது, 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கினார்கள். பேச்சாலோ எழுத்தாலோ இனங்களுக்கிடையே பகைமை உண்டாக்குவது இந்தச் சட்டத்தின் கீழ் பயங்கரவாதக் குற்றம். எது பகைமை என்று தீர்மானிப்பது யார் என்பதில்தான் முழு ஆபத்தும் இருந்தது.

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரம் தருகிறது, 15ஆம் உறுப்புரை அதைத் தேசிய பாதுகாப்புக்காகக் கட்டுப்படுத்த விடுகிறது. அவசரகால ஒழுங்குவிதியும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் சட்டமாகவே எண்ணப்படும்.

எங்கள் போரில் தபால் கந்தோருக்குள் ஆள் இருந்து எல்லாக் கடிதத்தையும் பிரித்தார்களா?

உலகப் போர்க்காலம்போல வெட்டி, பட்டி ஒட்டி, எண் போட்ட ஒழுங்கு எங்கள் போரில் இல்லை. நான் பார்த்த கட்டுகளில் அரசே பிரித்தேன் என்று ஒப்புக்கொண்ட உறை அரிது. பசை மாறி ஒட்டிய உறைகள், இரண்டு மாதம் பிந்தி வந்த உறைகள்தான் உண்டு.

கடிதத்துக்கு உண்மையான தடை சென்றியில், அதாவது படையின் சோதனைச் சாவடியில்தான் இருந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரை புலிகளின் கையில், கிழக்கே எழுவான்கரை படையின் கையில். வவுணதீவிலோ மண்முனைத் துறையிலோ பட்டிருப்புப் பாலத்திலோ கடக்கிறவரின் பையில் இருக்கும் ஒவ்வொரு தாளும் விசாரணைக்கு உரியது. கடிதத்தில் உள்ள பெயர் யார், விலாசம் எங்கே, இந்தக் “தம்பி” எந்தத் தம்பி என்று கேட்பார்கள். கேட்கிறவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தெரியாத எழுத்து என்பதாலேயே அது சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். அம்பாறைப் பக்கம், திருக்கோவில், பொத்துவில், அக்கரைப்பற்று வழியில் விசேட அதிரடிப்படையின் சென்றிகளிலும் இதே கதை. அதனால் மக்கள் கடிதத்தைக் கையில் கொண்டுபோவதை விட்டார்கள். செய்தியை மனப்பாடம் செய்துகொண்டு போனார்கள். என் கணிப்பில், எழுதாமல் விட்ட கடிதங்கள்தான் தணிக்கைக்குப் போன கடிதங்களில் பெரும்பகுதி.

“மழை” என்று அம்மம்மா எழுதியிருப்பது உண்மையான மழையா?

மாதத்தைப் பாருங்கள். எங்கள் பக்கம் மாரி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். ஆனியில் “இரவு முழுக்க மழை, பங்கருக்குள் இருந்தோம்” என்றிருந்தால் அது ஷெல். ஒரு வீட்டுக் கடிதக்கட்டில் “பெரியண்ணர் கொழும்பில் வேலை தேடுகிறார்” என்றால் பிடிபட்டுவிட்டார் என்று பொருள் வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் அதே வசனத்துக்கு அப்படியே பொருள். ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று ஒன்றை உண்டாக்கியது. ஆகவே உயிரோடு இருக்கும் மூத்தவர்களிடம் இப்போதே கேட்டு, தனித்தாளில் எழுதி, கடிதத்தோடு வையுங்கள். அவர்கள் போனபின் அந்தக் கடிதத்தை வாசிக்க ஒருவராலும் முடியாது.

ஐ.சி.ஆர்.சி. தாள் ஒன்று இருக்கிறது. அதில் ஏன் ஒன்றுமே சொல்லவில்லை? “சுகமாக இருக்கிறேன்” என்றுதான் இருக்கிறது.

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் அதிகம் வருகிறது. கேட்கிறவரின் குரலில் ஏமாற்றம் இருக்கும். அப்பா எழுதிய ஒரே தாள், அதில் மூன்றே வரி என்று.

ஐ.சி.ஆர்.சி. என்பது செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு. அதன் செய்தித் தாளை நன்றாகப் பாருங்கள். உறை கிடையாது. மேலே அனுப்புபவரின் முழுப் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த திகதி, விலாசம். அதேபோல் பெறுபவருக்கும். கீழே செய்திக்கு ஒரு சிறிய இடம். குடும்பச் செய்தியும் தனிப்பட்ட செய்தியும் மட்டும் என்று அச்சிட்டிருக்கும். மறுபக்கம் பதில் எழுத. இது மூடாத கடிதம். தடுத்து வைத்திருக்கும் அதிகாரியும் வாசிப்பார், செஞ்சிலுவையினரும் பார்ப்பார்கள். அரசியலோ முகாம் நிலவரமோ அடி உதையோ ஒரு சொல் இருந்தாலும் தாள் போகாது. எழுதியவருக்கு அது தெரியும். பூசாவிலோ வெலிக்கடையிலோ களுத்துறையிலோ தடுப்பில் இருந்துகொண்டு அவர் “சுகமாக இருக்கிறேன், அம்மாவைப் பார்த்துக்கொள், தம்பியைப் படிக்க வை” என்று எழுதியது வேறொன்றும் எழுத விடாததால்தான். உங்கள் மீது அன்பு குறைந்ததால் அல்ல. அந்த மூன்று வரியை உங்களிடம் சேர்ப்பதற்காக அவர் எத்தனை வரிகளை விழுங்கியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி, என்னைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்தில் முக்கியமானது இதுதான். அந்தத் தாளில் அவருடைய பெயர், பெற்றோர் பெயர், திகதி, எங்கே இருந்து எழுதினார் என்பது எல்லாம் இருக்கிறது. ஒரு அதிகாரி வாசித்து விட்டார் என்ற முத்திரையோ சுருக்கொப்பமோ இருக்கலாம். சிறையில் இருந்து சாதாரணத் தபாலில் வந்த கடிதத்திலும் அப்படியே. அதாவது, இந்த மனிதன் இந்தத் திகதியில் உயிரோடு, இவர்களுடைய கையில் இருந்தான் என்று பிடித்து வைத்தவர்களே ஒப்பமிட்டிருக்கிறார்கள். “அப்படி ஒருவரை நாங்கள் கைது செய்யவே இல்லை” என்று பின்னர் சொன்ன எத்தனையோ இடங்களில், கடிதத்தை நசுக்குவதற்காகக் குத்திய முத்திரை குடும்பத்தின் பக்கம் நின்று பேசும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட அதுவே சில வேளை பெரிய சான்று.

அந்தத் தாளை வைத்து எங்கே போகலாம்?

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் மீது பல தாய்மாருக்கு நம்பிக்கை இல்லை, அதற்குக் காரணமும் உண்டு. வருடக்கணக்காகத் தெருவில் நிற்கிறவர்களிடம் “இன்னொரு படிவம் நிரப்புங்கள்” என்று சொல்ல எனக்கும் வாய் வருவதில்லை. ஆனாலும் முறைப்பாட்டில் இந்தக் கடிதம் சேர்க்கப்படாமல் இருந்தால், பிரதி ஒன்றைச் சேர்ப்பது நல்லது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகங்கள் உண்டு. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தான் பதிவு செய்து சந்தித்த கைதிகளுக்குத் தடுப்புச் சான்று வழங்குவது வழக்கம். செய்தித் தாள் இருந்தால் அதிலுள்ள விவரங்களைக் கொண்டு கேட்டுப் பாருங்கள்.

எங்கே போனாலும் மூலத்தைக் கையளிக்க வேண்டாம். பொட்டோக்கொப்பியைக் கொடுங்கள், மூலத்தைக் காட்டுங்கள், பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் திகதியும் வாங்குங்கள். ஆணைக்குழுக்கள் மாறி மாறி வந்த நாட்டில் மூலத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு இருக்கும் குடும்பங்கள் உண்டு.

பத்திரிகைகளில் வெள்ளை வெள்ளையாக இடம் விட்டிருக்கிறதே, அது எப்போது?

இராணுவச் செய்திகளுக்கு 1995 செப்டம்பரில் தணிக்கை வந்து ஆண்டு முடிய முன் எடுக்கப்பட்டது. 1996 ஏப்ரலில் மறுபடியும். 1998 ஜூனில் வந்தது நீண்ட காலம் நின்றது. 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் புலிகளிடம் விழுந்ததும் மே மாதத் தொடக்கத்தில் புதிய அவசரகால ஒழுங்குவிதிகள் வந்து தணிக்கை இன்னும் இறுகியது. அந்த மே மாதத்திலேயே யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகைக்குச் சீல் வைத்தார்கள். கொழும்பில் சண்டே லீடருக்கும் சீல் வைத்தார்கள். லீடர் செய்த குற்றம், செய்தி முழுவதையும் எதிர்மறையில் எழுதியது: பலாலிப் படைத்தளம் தாக்கப்படவில்லை, அது நடக்கவில்லை, இது நடக்கவில்லை என்று. வாசித்தவர்களுக்கு எல்லாம் விளங்கியது, தணிக்கையாளருக்கும் விளங்கியது. ஜூன் 30ஆம் திகதி உயர் நீதிமன்றம், தகுதிவாய்ந்த அதிகாரியின் நியமனம் முறைப்படி செல்லாது என்று தீர்த்தது. நீதிமன்றம் சில நாட்களில் திறந்தும் விட்டிருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

1983 ஜூலைத் தொடக்கத்தில், கலவரத்துக்குச் சில வாரம் முன்னதாக, சுதந்திரனும் சற்றர்டே ரிவியூவும் மூடப்பட்டதையும் சேர்த்துப் பாருங்கள். தமிழர் பக்கத்துச் செய்தி சொல்ல இருந்த வாய்கள் முதலில் அடைக்கப்பட்டன, அதன் பிறகு வீடுகள் எரிந்தன.

வாகரையைப் பற்றி எழுதியதற்கு ஒருவருக்கு இருபது வருடம் கொடுத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. வாகரை எங்கள் மாவட்டத்தின் வடக்கு எல்லை. 2006 கடைசியில் அங்கே ஆயிரக்கணக்கான இடம்பெயர்ந்த மக்கள் அடைபட்டிருந்தார்கள். பாதையை அரசு கட்டுப்படுத்தியது. வெளியேற முயன்றவர்களைப் புலிகள் தடுத்தார்கள். நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளியில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலை மீது ஷெல் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2007 ஜனவரியில் இராணுவம் வாகரையைப் பிடித்தது.

அந்த நாட்களில் ஜே. எஸ். திசைநாயகம் ஆங்கில மாத இதழ் ஒன்றில், வாகரை மக்களுக்கு உணவும் மருந்தும் மறுக்கப்படுகின்றன, குண்டு வீசப்படுகிறது என்று எழுதினார். 2008 மார்ச்சில் கைது. அந்த வரிகளும் இன்னொரு கட்டுரையின் வரிகளும் இனப்பகைமை தூண்டுவன என்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கு. 2009 ஆகஸ்ட் 31ஆம் திகதி 20 ஆண்டு கடூழியச் சிறை. உலகெங்கும் இருந்து எதிர்ப்பு எழுந்தபின் 2010 ஜனவரியில் பிணை, மே மாதத்தில் பொதுமன்னிப்பு. எங்கள் சனத்தின் பசியை எழுதியதற்கு ஒரு மனிதர் இத்தனையையும் அனுபவித்தார். வாகரைப் பள்ளிக்கூடங்களில் எத்தனை பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியும்?

நீதிமன்றம் வரை போகாத தணிக்கையும் உண்டு. வீரகேசரியின் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் திகதி மட்டக்களப்பு நகரில் வேலைக்குப் போகும்போது சுடப்பட்டார். மட்டக்களப்பில் பிறந்த பத்திரிகையாளர் தராக்கி சிவராம் 2005 ஏப்ரல் 28ஆம் திகதி இரவு பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டு மறுநாள் சடலமாகக் கிடந்தார். அவர் ஆசிரியராக இருந்த தமிழ்நெற் இணையத்தளத்தை 2007 ஜூனில் நாட்டுக்குள் பார்க்க முடியாமல் முடக்கினார்கள்.

அரசு மட்டுமா செய்தது? இயக்கங்கள்?

இந்தக் கேள்வியைத் தணிந்த குரலில் கேட்கிறார்கள். உரத்துக் கேட்கலாம்.

இயக்கங்களும் செய்தன. புலிகளின் பகுதியில் மாற்றுக்கருத்து துரோகம் என்று பெயர் பெற்றது, துரோகத்துக்குத் தண்டனை மரணம். 1989 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் மனித உரிமைச் செயற்பாட்டாளர் ராஜனி திராணகம சுடப்பட்டது, இரண்டு பக்கத்தின் குற்றங்களையும் பதிவு செய்ததற்காக. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அதைத் தமிழர் தரப்பில் வெளிப்படையாகக் கண்டிக்க அன்று எத்தனை பேருக்கு முடிந்தது? முடியாமல் போனது பயத்தால். அந்த மௌனத்தைக் காத்தான்குடி மக்கள் எப்படி வாசித்தார்கள் என்பதை நாங்கள் இன்னும் சரியாகப் பேசவில்லை. அடுத்த மாதம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமில் இருந்து 158 பேர் படையினரால் கொண்டுபோகப்பட்டதும், சத்துருக்கொண்டான் கிராமத்துப் படுகொலையும் அதேபோல் வெளியே சொல்ல முடியாமல் அடக்கப்பட்டன.

2004இல் புலிகள் இயக்கம் பிளவுபட்ட பிறகு கொழும்புத் தமிழ் நாளேடுகளை மட்டக்களப்பில் விற்கக்கூடாது என்று ஆயுதக்காரர் மிரட்டிய காலமும் வந்தது. பேப்பர் கட்டுக்காகக் காத்திருந்த கடைக்காரருக்கு எந்தத் தரப்பின் தடை என்பது முக்கியம் இல்லை.

சனங்கள் செய்தியை எப்படித்தான் அறிந்தார்கள்?

வானொலியால். பிபிசி தமிழோசை, வெரித்தாஸ். 2009 பெப்ரவரியில் தமிழ் நிகழ்ச்சிகளில் வேண்டுமென்று குறுக்கிடுகிறார்கள் என்று சொல்லி பிபிசி, இலங்கை அரச வானொலிக்குக் கொடுத்த பண்பலைச் செய்தியை நிறுத்தியது. பிறகு தொலைபேசி எடுக்கும் கொமினிகேசன் கடைகள், வெளிநாட்டில் இருந்து வரும் கசெற்றுகள்.

இது எங்கள் நாட்டுக்கு மட்டும் உரிய வியாதியா?

இல்லை. அமெரிக்கா 1917இல் உளவுச் சட்டம் கொண்டுவந்து, போரை விமர்சித்த பத்திரிகைகளைத் தபாலில் ஏற்ற மறுத்தது. யூஜின் டெப்ஸ் 1918இல் ஒரு பேச்சுக்காகப் பத்தாண்டு தண்டனை பெற்றார். 1920இல் சிறையில் இருந்தபடியே ஜனாதிபதித் தேர்தலில் நின்று ஒன்பது இலட்சத்துக்கும் மேல் வாக்கு எடுத்தார். தபால்தான் கழுத்து, அதைப் பிடித்தால் போதும் என்று எல்லா அரசுகளுக்கும் தெரியும்.

போர் நடக்கும்போது கொஞ்சம் தணிக்கை தேவைதானே?

நாளை எந்தப் பாதையால் படை போகும் என்பதை மறைப்பதை நான் ஏற்கிறேன். நேற்று எந்தப் பாடசாலையில் ஷெல் விழுந்தது என்பதை மறைப்பதை ஏற்க மாட்டேன். ஷெல் அடித்தவருக்கும் அது தெரியும், அடி வாங்கியவருக்கும் தெரியும். தெரியாமல் இருப்பது, தடுத்து நிறுத்தக்கூடிய மூன்றாமவருக்கு மட்டும். கடிதத்திலும் அதே அளவுகோல்தான். தடுத்து வைக்கப்பட்டவர் குடும்பத்தோடு கடிதத் தொடர்பு வைத்திருக்க விடவேண்டும் என்பது உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும் வழக்காற்றுச் சர்வதேச விதி. எத்தனை கடிதம் என்று வரையறுக்கலாம், வாசித்தும் பார்க்கலாம், முற்றாக மறுக்கக்கூடாது.

இப்போது போர் இல்லை. இப்போதும் பயப்பட வேண்டுமா?

2021 மே 18ஆம் திகதி கிரான் கடற்கரையில் விளக்கேற்றி நினைவுகூர்ந்ததற்காகப் பத்துப் பேர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டு, மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். தமிழ்க் கவிதைத் தொகுப்பு ஒன்றுக்காக 2020 மே மாதத்தில் கைதான மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2021 டிசம்பரில் பிணையில் வந்தார், வழக்கில் இருந்து 2023 டிசம்பரில்தான் விடுதலையானார். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது சமூக ஊடகங்களை மூடினார்கள். மட்டக்களப்பில் தங்கள் பிள்ளைகளைத் தேடி ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களுக்கு வாட்ஸ்அப்பும் இல்லை. 2022 ஏப்ரலிலும் அவசரகாலநிலையோடு சமூக ஊடகம் சில மணி நேரம் நின்றது. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒரு ஆணைக்குழுவிடம் கொடுத்திருக்கிறது. ஆகவே, எழுதுங்கள், சட்டம் தெரிந்து எழுதுங்கள்.

தணிக்கை உத்தரவுகளை அரசிடம் கேட்டு வாங்க முடியுமா?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலைநாட்களுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும். தேசிய பாதுகாப்பு என்று மறுக்கலாம், மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். பொதுவாக “தணிக்கை பற்றிய எல்லாம்” என்று கேட்டால் ஒன்றும் வராது. உங்கள் ஆளின் பெயர், இடம், ஆண்டு குறிப்பிட்டு, “இன்ன சிறையின் கடிதப் பதிவேட்டில் இன்ன மாதத்துப் பதிவு” என்று கேளுங்கள்.

கடிதங்களை எப்படி வைத்திருப்பது? பூச்சி அரிக்கிறது.

1978 சூறாவளியில் போனவை, 2004 கடல் கொண்டுபோனவை, இடப்பெயர்வில் விட்டுவந்தவை போக மிஞ்சியவைதான் இவை. அதனால் கொஞ்சம் மினக்கெடுங்கள்.

லமினேற் செய்யவே கூடாது. சூடு மையைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. செலோரேப்பும் வேண்டாம், சில ஆண்டில் மஞ்சள் கறையாக ஊறிவிடும். உறையையும் கடிதத்தையும் பிரித்துத் தனித்தனியே போடாதீர்கள். முத்திரை சேர்க்கிற பிள்ளைகள் ஓரத்தைக் கிழிக்க விடாதீர்கள், திகதி இருப்பது தபால் முத்திரையில்தான். ஏரோகிராமில் கடிதமும் உறையும் ஒரே தாள் என்பதால் வெட்டித் திறந்த மடிப்புத் துண்டையும் சேர்த்து வையுங்கள். 90களில் வந்த பக்ஸ் (தொலைநகல்) தாள்கள் மினுங்கும் வழுவழுத்த தாள். அவை தானாகவே வெளிறி வெறுந்தாளாகிவிடும். அவற்றை மட்டும் இந்த வாரமே பொட்டோக்கொப்பி எடுங்கள். கசெற்றை இனி வீட்டில் போட்டுக் கேட்காதீர்கள், நாடா அறுந்துவிடும். கணினியில் மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கைபேசியால் படம் எடுக்கும்போது உறையின் முன்பக்கம், பின்பக்கம், உள்ளே ஒவ்வொரு பக்கம், வெற்றுப் பக்கம்கூட எடுங்கள். முத்திரையைக் கிட்டவைத்து இன்னொரு படம் எடுங்கள். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். படங்களை வெளிநாட்டில் இருக்கும் சகோதரம் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். தாள்களை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, நிலத்தில் இருந்து உயரமாக, சுவர் ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

“நூலகம்” இணையத்தளம் போன்ற எண்ணிம ஆவணகத்துக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். அதற்கு முன் கடிதத்தில் பெயர் வரும் மற்றவர்களை நினையுங்கள். “இன்னார் வீட்டில் ஒளித்திருந்தோம்” என்ற வரியில் உள்ள இன்னார் இன்றும் அதே தெருவில் இருக்கலாம், பெயர் வெளியே வருவதை விரும்பாமல் இருக்கலாம். அவரிடம் கேளுங்கள். கேட்க முடியாவிட்டால் பிரதியில் அந்தப் பெயரை மறைத்துக் கொடுங்கள், மூலத்தில் ஒன்றையும் அழிக்காதீர்கள்.

முத்திரை சிங்களத்தில் இருக்கிறது, மங்கியும் போயிற்று. கடிதம் தொலைந்து உறை மட்டும்தான் மிச்சம். இதைக் கொண்டுவருவதில் பயன் உண்டா?

கொண்டுவாருங்கள். திகதியில் ஆண்டு மட்டும் தெரிந்தாலும் போதும். வாசிக்கச் சிங்களம் தெரிந்தவர் ஒருவரை வைத்திருக்கிறோம். வரும்போது காணாமல் போனவருடைய அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், முறைப்பாடு செய்த துண்டுகள் எது இருந்தாலும் சேர்த்து எடுத்து வாருங்கள். வீட்டில் மூத்த பெண் ஒருவரையும் அழைத்து வாருங்கள். அந்த உறை எந்த நாளில் வந்தது, யார் கொண்டுவந்து தந்தார் என்பது அநேகமாக அவருக்குத்தான் தெரியும்.